குழாயின்றி ஒலிக்கும் குழாய் ஆர்கன்

பதிவு முறையும் கணிப்பு முறையும்: ஓர் ஒப்பாராய்ச்சி

பவனை ஆறு மூளா ஆற்றுடன் கலக்குமிடத்திற்கு அருகில், புனே நகரின் வடமேற்கே அமைந்துள்ளது தாபோடி. அங்கு ரயில் பாதையை ஒட்டிய சிற்றறை ஒன்றில், கணிப்பொறி ஒன்றையும் ஹார்மோனியத்தில் உள்ளவை போன்ற கட்டைகள் பொருந்திய பலகை ஒன்றையும் முன்வைத்து ஒருவர் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவர் செவிக்கருவியை மாட்டிக்கொண்டு ஒரு கட்டையை அழுத்துகிறார். உடனே பெரியதொரு தேவாலயத்தின் ஆர்கன் முழங்குகிறது. விரலை எடுத்த பின்னும் மண்டபத்தின் எதிரொலி சில வினாடிகள் நீடித்து மெல்ல அடங்குகிறது. ஆனால் அந்த அறையில் குழாயும் இல்லை, துருத்தியும் இல்லை, மண்டபமும் இல்லை.

இத்தகைய வாத்தியத்தை நிழல் ஆர்கன் என அழைக்கலாம். இதனை உருவாக்க இரண்டு வழிகள் உள்ளன. உண்மையான ஆர்கனின் குழாய்களை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து, அவ்வொலிகளைப் பதிவுசெய்து, வேண்டும்போது திரும்ப ஒலிக்கச் செய்வது ஒரு வழி. குழாயில் ஒலி எவ்வாறு பிறக்கிறது என்பதைக் கணித விதிகளாக வகுத்து, கட்டையை அழுத்தும் அந்தக் கணத்திலேயே ஒலியைக் கணித்துப் பெறுவது மற்றொரு வழி. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தமிழிலோ இரண்டையுமே ‘மாதிரி’ என்று சொல்லிவிட இடமிருக்கிறது. ஒரு பொருளிலிருந்து எடுத்த கூறும் மாதிரியே. அப்பொருளைப்போலச் செய்த உருவும் மாதிரியே. குழப்பம் நேராதிருக்க, முன்னதைப் பதிவு முறை என்றும் பின்னதைக் கணிப்பு முறை என்றும் இங்கு வழங்குவோம். இவற்றுள் உண்மை ஆர்கனுக்கு நெருங்கி நிற்பது எது என்பதே நம் ஆராய்ச்சிப் பொருள்.

குழாயில் ஒலி பிறக்கும் விதம்

ஆர்கன் குழாய்கள் இருவகை. முதல் வகை உதட்டுக் குழாய். இது புல்லாங்குழலின் இனம். காற்றுப் பெட்டியிலிருந்து வரும் காற்று மெல்லிய பிளவு ஒன்றின் வழியே தகடுபோல் வெளிப்பட்டு, எதிரேயுள்ள கூரிய உதட்டில் மோதுகிறது. அந்தக் காற்றுத் தகடு உதட்டின் உட்புறமும் வெளிப்புறமுமாக மாறிமாறி ஊசலாட, குழாயினுள் இருக்கும் காற்றுத் தூண் அதிர்கிறது. காற்றுத் தூணின் அதிர்வு திரும்ப வந்து காற்றுத் தகட்டின் ஊசலாட்டத்தை ஒழுங்குபடுத்துகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் ஒலி நிலைபெறுகிறது. இரண்டாம் வகை நாக்குக் குழாய். இதில் பித்தளை நாக்கு ஒன்று பித்தளைக் காடியின் மேல் மோதித் துடிக்கிறது. அதன் மேல் பொருத்திய குழாய் ஒலிக்கு நிறமூட்டுகிறது.

இருபுறமும் திறந்த 8 அடிக் குழாய் வினாடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வுகளைத் தருகிறது. 16 அடிக் குழாய் இதில் பாதியைத் தரும். ஒரு முனையை மூடிவிட்டால், அதே நீளமுள்ள குழாய் ஒரு ஸ்தாயி கீழிறங்கி ஒலிக்கும். காற்றுப் பெட்டியின் அழுத்தம் மிகச் சிறிது. பெரும்பாலும் 50 முதல் 100 மில்லிமீட்டர் உயர நீர்த்தூணைத் தாங்கக்கூடிய அளவே.

இங்குக் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. குழாய் உடனே முழுச் சுரத்தையும் எழுப்புவதில்லை. முதலில் சிறிய சீறல், அதன்பின் மேற்சுரங்களின் தடுமாற்றம், பிறகே நிலையான ஒலி. உயர்ந்த சுரக் குழாய்களில் இது ஒரு வினாடியின் நூறில் சில பங்குகளில் முடிந்துவிடும். தாழ்ந்த சுரக் குழாய்களில் பத்தில் சில பங்குகள் வரை செல்லும். வாத்தியத்தை இன்னதென அடையாளம் காண்பதற்குச் செவி பெரிதும் நம்புவது இந்தத் தொடக்கத்தையே. பதிவுசெய்த ஒலியின் தொடக்கத்தை மட்டும் வெட்டி நீக்கிவிட்டால், பழகிய வாத்தியத்தையே வேறொன்றாகக் கருதிப் பலர் மயங்குவர்.

பதிவு முறை

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆலன் நிறுவனம், குழாய் ஒலியின் அலைவடிவங்களை எண்களாக நினைவகத்தில் சேமித்துவைத்த ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைய நினைவகம் மிகச் சிறிது. ஆதலால் ஒரு குழாயின் முழு ஒலியையும் அதில் வைக்க இயலவில்லை. இன்று அந்தத் தடை நீங்கிவிட்டது. 2002-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றிய ஹாப்ட்வெர்க் என்னும் கணிப்பொறி நிரலும், யாவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிராண்ட்ஆர்க் என்னும் நிரலும் இம்முறையைச் சேர்ந்தவை.

ஒவ்வொரு குழாய்க்கும் மூன்று பகுதிகள் பதிவு செய்யப்படுகின்றன: தொடக்கம், நிலையான நடுப்பகுதி, விரலை எடுத்தபின் அடங்கும் முடிவு. நடுப்பகுதியின் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குத் தடம் தெரியாமல் திரும்பிச் செல்லும்படி வளையம் அமைப்பதால், கட்டையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒலி தொடர்கிறது. குறுகிய நேரமே அழுத்திய சுரம் மண்டபத்தை முழுவதும் நிரப்பியிராது. ஆகவே அதன் முடிவு வேறுவிதமாக இருக்கும். இதற்காகக் குறுகியது, நடுத்தரமானது, நீண்டது என மூன்று முடிவுகளைத் தனித்தனியே பதிவு செய்வதும் வழக்கம்.

இதற்கு வேண்டிய நினைவகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 20 வரிசைகளும் வரிசைக்கு 56 குழாய்களும் உள்ள ஆர்கனில் மொத்தம் 1,120 குழாய்கள். வினாடிக்கு 48,000 முறை, இடம் வலம் என இரண்டு தடங்களில், அளவீடு ஒன்றுக்கு 3 பைட்டுகள் என்று பதிவு செய்தால், வினாடிக்கு 2,88,000 பைட்டுகள் ஆகும். குழாய்க்கு 10 வினாடி எனக் கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 3.2 கிகாபைட். 5 வினாடி கொண்ட மூன்று முடிவுகளையும் சேர்த்தால் அது 8 கிகாபைட்டை எட்டும்.

சில குழாய்களை மட்டும் பதிவுசெய்து, அவற்றின் வேகத்தை மாற்றி அடுத்த சுரங்களைப் பெற்றால் என்ன என்ற கேள்வி எழலாம். ஒரு அரைச்சுரம் உயர்த்த வேகத்தை ஏறத்தாழ 6 சதவிகிதம் கூட்டவேண்டும். நான்கு அரைச்சுரங்களுக்கு 26 சதவிகிதம். அப்போது சுரத்துடன் சேர்ந்து தொடக்கத்தின் சீறலும் மண்டபத்தின் எதிரொலியும்கூட விரைவாகிவிடும். செவி இதனை உடனே உணரும். ஆகவே சிறந்த பதிவுகளில் ஒவ்வொரு குழாயும் தனித்தனியே பதிவு செய்யப்படுகிறது.

கணிப்பு முறை

கணிப்பு முறையிலும் உட்பிரிவுகள் உண்டு. அடிப்படைச் சுரத்தையும் மேற்சுரங்களையும் தக்க விகிதத்தில் கூட்டி, அவை எழும் வேகத்தையும் அடங்கும் வேகத்தையும் விதித்து ஒலியை அமைப்பது எளியது. ஃபோன்ஸ் அட்ரியான்சென் இயற்றிய ஏயோலஸ் என்னும் நிரல் இவ்வகை. குழாயின் பௌதிக நிகழ்ச்சியையே எண்களால் நடத்திக் காட்டுவது இதைவிடக் கடினமானது. பிரான்ஸ் நாட்டின் மோடார்ட் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆர்கன்டெக் பௌதிக அடிப்படையில் அமைந்தது.

பௌதிகக் கணிப்பின் கருத்து எளியதே. காற்றுத் தூணில் அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று, எதிரொளித்துத் திரும்புகிறது. இப்பயணத்திற்கு ஆகும் நேரத்தை எண்களின் வரிசை ஒன்றால் குறிக்கலாம். வினாடிக்கு 65 அதிர்வுள்ள குழாய்க்கு, வினாடிக்கு 48,000 அளவீடுகள் வீதம், வரிசையில் ஏறத்தாழ 735 எண்கள் போதும். வரிசையின் ஒரு முனையில் காற்றுத் தகட்டின் நடத்தையைக் குறிக்கும் சமன்பாடும், மறுமுனையில் ஒலி வெளியேறும்போது ஏற்படும் இழப்பும் அமைகின்றன. பதிவு முறை பல லட்சம் எண்களைச் சேமித்துவைக்கும் இடத்தில், இம்முறை சில நூறு எண்களை இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே செல்கிறது. நினைவகச் செலவு குறைகிறது. கணிப்புச் செலவு கூடுகிறது.

ஐந்து ஒப்பீடுகள்

முதலாவது, குழாயின் தனித்தன்மை. ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரு குழாய்கள்கூட முற்றும் ஒத்தவை அல்ல. கைவினைஞர் ஒவ்வொன்றின் உதட்டையும் பிளவையும் கத்தியால் திருத்திக் குரலூட்டியிருப்பார். ஒன்று சற்றுத் தயங்கிப் பேசும். மற்றொன்று சற்று மூச்சு கலந்து பேசும். பதிவு முறை இக்குணங்களை முயற்சியின்றியே பெற்றுவிடுகிறது. கணிப்பு முறையில் இவற்றை வேண்டுமென்றே புகுத்த வேண்டும். இல்லையேல் எல்லாக் குழாய்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல் ஒலிக்கும். இந்த ஒப்பீட்டில் வெற்றி பதிவு முறைக்கே.

இரண்டாவது, காற்று. பல கட்டைகளை ஒருங்கே அழுத்தும்போது காற்றுப் பெட்டியின் அழுத்தம் ஒரு கணம் தளர்கிறது. சுருதியும் வலிமையும் சிறிது அசைகின்றன. தனித்தனியே பதிவுசெய்த குழாய்களில் இந்த அசைவு இராது. பதிவு முறை நிரல்களுள் ஹாப்ட்வெர்க் இக்குறையை நீக்கத் துருத்தியின் நடத்தையைக் கணித்து, அதற்கேற்பப் பதிவுகளின் சுருதியை மாற்றுகிறது. அதாவது, பதிவு முறை இங்கே கணிப்பு முறையிடம் கடன் வாங்குகிறது.

மூன்றாவது, அண்டைக் குழாய்களின் உறவு. ஏறக்குறைய ஒரே சுருதியுள்ள இரு குழாய்கள் அருகருகே நின்றால், அவை ஒன்றையொன்று இழுத்து ஒரே சுருதியில் இணைந்துவிடுவதுண்டு. இதனை 19-ஆம் நூற்றாண்டிலேயே ராலே பிரபு ஆராய்ந்துள்ளார். இரு பதிவுகளைக் கூட்டினாலோ, அவை இணையாமல் விம்மலையே எழுப்பும். இணைப்பைக் காட்டும் ஆற்றல் கணிப்பு முறைக்கு மட்டுமே உண்டு. பதிவு முறைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: ஒவ்வொரு பதிவிலும் காற்றோட்ட இரைச்சல் கலந்திருக்கும். 40 குழாய்கள் சேர்ந்து ஒலித்தால் அந்த இரைச்சலின் ஆற்றலும் 40 மடங்கு, அதாவது 16 டெசிபல் உயரும். இதனை வடிகட்ட முயன்றால் குழாயின் இயல்பான மூச்சும் சேர்ந்து போய்விடக்கூடும்.

நான்காவது, உஷ்ணநிலை. இது நம் நாட்டிற்கு மிகவும் பொருந்துவது. காற்றின் உஷ்ணநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். 15 டிகிரிக் குளிர்காலக் காலையிலிருந்து 35 டிகிரிக் கோடைப் பகலுக்கு வந்தால், உதட்டுக் குழாயின் சுருதி ஏறத்தாழ 3.4 சதவிகிதம் ஏறும். இது அரைச்சுரத்தில் பாதிக்கும் சற்று மேல். நாக்குக் குழாய்களின் சுருதியோ இவ்வளவு ஏறாது. ஆதலால் மார்கழியில் ஒன்றுபட்டிருந்த வரிசைகள் சித்திரையில் பிணங்குகின்றன. பதிவு என்பது பதிவு செய்த நாளின் வெப்பத்தில் உறைந்துவிட்ட ஒலி. கணிப்பு முறையில் உஷ்ணநிலையும் ஓர் எண்ணே. அதனை மாற்றினால் சுருதி இயல்பாகவே மாறும்.

ஐந்தாவது, மண்டபம். தேவாலயத்தின் எதிரொலியுடன் பதிவுசெய்த ஒலியைச் செவிக்கருவியில் கேட்டால், அம்மண்டபத்தின் நடுவே அமர்ந்திருப்பது போலத் தோன்றும். அதையே எதிரொலி மிக்க வேறொரு மண்டபத்தில் ஒலிபெருக்கி வழியாக ஒலிக்கச் செய்தால், ஒன்றன்மேல் ஒன்றாக இரு மண்டபங்கள் கேட்கும். எதிரொலியின்றி அருகிலிருந்து பதிவு செய்தவையும், கணிப்பு முறை ஒலிகளும் இவ்விடத்தில் மேலானவை. எனினும் இரு முறைகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. உண்மை ஆர்கனில் ஆயிரம் குழாய்கள் ஆயிரம் இடங்களிலிருந்து ஒலிக்கின்றன. நிழல் ஆர்கனில் அனைத்தும் ஒருசில ஒலிபெருக்கிகளின் வழியே வந்தாக வேண்டும்.

தம்புரா காட்டும் பாடம்

இந்தச் சிக்கல் மேலைநாட்டு வாத்தியத்திற்கு மட்டும் உரியது அன்று. 1970-களின் இறுதியிலிருந்து மின்னணுத் தம்புரா நம் கச்சேரி மேடைகளிலும் சங்கீத வகுப்புகளிலும் இடம்பெற்றுவருகிறது. அதன் தொடக்கக் கருவிகள் மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கின. பின்னர் வந்தவற்றுள் பல, உண்மைத் தம்புராவின் பதிவுகளைக் கொண்டவை.

தம்புராவின் ஒலியைக் கணிப்பது ஏன் கடினம் என்பதற்கு விடை, சர் சி. வி. ராமன் 1921-இல் செய்த ஆராய்ச்சியில் உள்ளது. கம்பியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மீட்டினால், அவ்விடத்தில் அசையாப் புள்ளியை உடைய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அவையும் கணீரென எழுவதை ராமன் எடுத்துக்காட்டினார். அகன்று வளைந்த குதிரையின் மேல் ஜீவாளி நூலைச் செருகியிருப்பதால், கம்பி ஒவ்வொரு அதிர்விலும் குதிரையைத் தொட்டுத் தொட்டு விலகுவதே இதற்குக் காரணம். ஆகவே குதிரையை விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் கணித்தால் தம்புரா பேசாது. பதிவு முறையில் இக்கவலை இல்லை. ஆனால் சாரணி, அனுசாரணிக் கம்பிகளைத் தனித்தனியே பதிவுசெய்து கூட்டினால், ஒரே குதிரையின் வழியே அவை பரிமாறிக்கொள்ளும் அதிர்வு விடுபட்டுப்போகும். ஆர்கனில் கண்ட அதே உண்மையை இங்கும் காண்கிறோம்: பதிவு முறை விளைவைக் காக்கிறது, கணிப்பு முறை காரணத்தைக் காக்கிறது.

செவியைச் சோதிக்கும் முறை

எது இயல்பானது என்பதை விளம்பரத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. 1935-இல் விற்பனைக்கு வந்த ஹாமண்ட் மின் ஆர்கன் குழாய் ஆர்கனுக்கு நிகரானது என்று கூறப்பட்டதை அமெரிக்க வர்த்தகக் கமிஷன் ஆட்சேபித்தது. இதனையொட்டி 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தேவாலயத்தில், குழாய் ஆர்கனையும் ஹாமண்டையும் மறைவாக ஒலிக்கச் செய்து சோதனை நடந்தது. இசை வல்லுநர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தவறாகக் கூறினர். மாணவர்கள் ஏறத்தாழப் பாதி தவறாகக் கூறினர். பாதி தவறுவது என்பது காசைச் சுண்டிப் பார்த்து விடை சொல்வதற்கு ஒப்பாகும். எனினும் 1938-இல் கமிஷன் அந்த விளம்பர வாசகங்கள் சிலவற்றைத் தடை செய்தது. வித்தியாசத்தை ஒருவர் கண்டுபிடிக்கவில்லை என்பதால் வித்தியாசமே இல்லை என்றாகிவிடாது. பயிற்சி பெற்ற செவி, பயிற்சியற்ற செவி கேளாததைக் கேட்கிறது.

இத்தகைய சோதனையை நண்பர்களுடன் நாமும் செய்யலாம். ஒரே இசைப்பகுதியை இரு முறைகளிலும் பதிவு செய்துகொள்க. இரண்டின் ஒலி வலிமையும் சமமாக இருத்தல் அவசியம். சற்று உரத்து ஒலிப்பதையே சிறந்ததென்று செவி நினைத்துவிடும். முதலில் இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்கச் செய்து, பிறகு பெயர் சொல்லாமல் ஏதேனும் ஒன்றை ஒலிக்கச் செய்து, அது எது என்று வினவுக. இவ்வாறு 16 முறை செய்து, 12 அல்லது அதற்கு மேல் சரியான விடை வந்தால், அது தற்செயலாக நிகழ்ந்திருக்கக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு நான்கிற்கும் குறைவு. தனிச் சுரம், விரைவான ஓட்டம், பல வரிசைகள் சேர்ந்த முழக்கம் ஆகிய மூன்றிலும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மேலே கண்டவற்றிலிருந்து, தனிச் சுரத்தில் பதிவு முறை நெருங்கி நிற்கும் என்றும், குழாய்களின் உறவு வெளிப்படும் முழக்கத்தில் கணிப்பு முறைக்கு வாய்ப்பு மிகுதி என்றும் எதிர்பார்க்கலாம். எதிர்பார்ப்பு சரியா என்பதைச் செவியே கூறவேண்டும்.

நம் நாட்டு ஆர்கன்கள்

இவ்வொப்பீடு வெறும் பொழுதுபோக்கு அன்று. சென்னை எழும்பூரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில், இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த பீட்டர் கோனக்கர் நிறுவனத்தார் செய்த ஆர்கன் 1883-இல் அமைக்கப்பட்டது. சிம்லாவின் கிறைஸ்ட் தேவாலய ஆர்கன் 1899-இல் அமைக்கப்பட்டது. கல்கத்தாவின் செயின்ட் பால் பேராலயத்தில் இருப்பது புகழ்பெற்ற வில்லிஸ் நிறுவனத்தாரின் ஆர்கன். நம் நாட்டின் ஈரமும் வெப்பமும் துருத்தியின் தோலை வெடிக்கச் செய்கின்றன. மரப் பகுதிகளைக் கரையான் அரிக்கிறது. தூசி பிளவுகளை அடைக்கிறது. குழாய்க்குக் குரலூட்டவும் சுருதி சேர்க்கவும் அறிந்த கைவினைஞரோ இந்நாட்டில் மிகச் சிலரே. பழுதுபார்க்கும் செலவைக் கண்டு அஞ்சும் சபையார், மின்னணு ஆர்கனை வாங்கிவைத்துப் பழையதை மூடிவிட எண்ணுவது இயல்பே.

அவ்வாறு மூடுமுன் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, பேசக்கூடிய நிலையிலுள்ள ஒவ்வொரு குழாயையும் பதிவு செய்தல். அப்போது அறையின் உஷ்ணநிலையையும் காற்றுப் பெட்டியின் அழுத்தத்தையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும். இக்குறிப்பில்லாத பதிவின் சுருதியைக் கொண்டு பிற்காலத்தவர் எதையும் உறுதிசெய்ய இயலாது. இரண்டாவது, குழாய்களின் நீளம், விட்டம், வாயின் அகலம், உதட்டின் உயரம், உலோகம் அல்லது மரத்தின் தடிப்பு ஆகியவற்றை அளந்து பட்டியலிடுதல். பதிவு மட்டும் இருந்தால் அன்றைய குரல் நிலைக்கும். ஆனால் வேறொரு வெப்பத்தில், வேறொரு காற்றழுத்தத்தில் அவ்வாத்தியம் எவ்வாறு பேசியிருக்கும் என்ற கேள்விக்கு அது விடை தராது. அளவுகள் மட்டும் இருந்தால் அக்கேள்விக்கு விடை கணிக்கலாம். ஆனால் கணித்தது சரியா என்று ஒத்துப் பார்க்கக் குரல் இராது. இரண்டும் இருந்தால், பழுதான ஆர்கனைத் திருத்த வரும் கைவினைஞருக்கும் அவையே வழிகாட்டியாகும்.

வாத்தியம் செய்யும் கைத்தொழிலுக்கும் இது பொருந்தும். தாபோடி அமைந்துள்ள அதே மகாராஷ்டிரத்தில், மிரஜ் நகரின் சித்தாருக்கும் தம்புராவுக்கும் 2024-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அங்குச் சுரைக்குடத்தைத் தேர்ந்தெடுத்துக் குதிரையை இழைக்கும் கைவினைஞரின் தொழில், கையடக்கக் கருவிகளின் போட்டியைத் தாங்கி நிற்கவேண்டியுள்ளது. நிழல் வாத்தியம் எவ்வளவு நன்றாக ஒலித்தாலும், பதிவு செய்யவும் அளந்து கணிக்கவும் உண்மை வாத்தியம் ஒன்று முன்னே இருந்தாக வேண்டும். ரயில் பாதையருகே செவிக்கருவியுடன் அமர்ந்திருக்கும் நம் நண்பர், பெரும் தேவாலயத்தின் முழக்கத்தைத் தன் சிற்றறையில் கேட்டு மகிழட்டும். வாய்ப்பு நேரும்போது எழும்பூருக்குச் சென்று, உண்மைக் குழாய் பேசத் தொடங்கும் அந்த முதற் கணத்தையும் ஒருமுறை நேரில் கேட்டுவரட்டும். பிறகு அவருடைய ஒப்பீடு இன்னும் துல்லியமாக அமையும்.